கரித்தணலும் சாசேஜும்: நோயாளியும் உடனிருக்கும் கடற்கரை விருந்து

இதயத்தில் மாற்றுவழி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய பெரியவர் ஒருவர், ஆறு வாரங்கள் கழித்து எங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தார். புண் நன்றாக ஆறியிருந்தது. நடை சீராக இருந்தது. ஆனால் முகம் வாடியிருந்தது. ஆண்டுதோறும் மூத்த பேரனின் பிறந்தநாளுக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் குடும்பத்தார் அனைவரும் கூடிக் கரியடுப்பு விருந்து நடத்துவார்களாம். கரியை மூட்டித் தணலைக் காப்பது முப்பது ஆண்டுகளாக அவர் பொறுப்பு. இவ்வாண்டு அப்பாவின் உடல்நிலையை எண்ணி, மகள் அந்த விருந்தையே கைவிட்டுவிட்டார்.

எங்கள் உணவியல் நிபுணரிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்மா, நான் தின்னாமல் இருக்கிறேன். என்னால் பிள்ளைகளும் தின்னாமல் இருக்க வேண்டுமா?"

இக்கேள்வியைப் பல வடிவங்களில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கிறோம். நீரிழிவு உள்ள தாயாரும், சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வரும் இளைஞரும், கருவுற்ற மருமகளும் உள்ள குடும்பங்களில், "எதற்கு வம்பு?" என்று கூடிக் களிக்கும் நிகழ்ச்சிகளே நின்றுபோகின்றன. நோயுற்றவருக்கு உணவைப் போலவே சுற்றத்தாரின் கூட்டமும் தேவை. எனவே கரியடுப்பு விருந்தை எவ்வாறு நடத்தினால் அனைவரும் அச்சமின்றி அமரலாம், அதில் பெரிதும் விரும்பப்படும் சாசேஜை எவ்வாறு தேர்ந்தெடுக்கலாம் என்பதை இவ்விதழில் விளக்க முற்படுகிறோம்.

கரியின் இயல்பு

மரத்தைக் காற்று மிகக் குறைவாகப் புகும் சூளையில் இட்டுப் பல நாள்கள் சூடேற்றினால், ஈரமும் பிசினும் ஆவியாகி வெளியேறும். எஞ்சுவது பெரும்பாலும் கரிமம். அதுவே அடுப்புக்கரி. விறகு எரியும்போது எழும் புகையின் பெரும்பகுதி சூளையிலேயே நீங்கிவிடுவதால், கரி குறைந்த புகையோடும் நிலையான வெப்பத்தோடும் கனல்கிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலா செப்பாத்தாங் என்னும் மீனவர் ஊரையொட்டி, குவிந்த கூரை கொண்ட செங்கல் சூளைகள் வரிசையாக நிற்பதைச் சுற்றுலா சென்றவர்கள் கண்டிருக்கக்கூடும். அருகிலுள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலிருந்து வெட்டப்படும் 'பாக்காவ்' என்னும் கண்டல் மரங்களே அங்கே கரியாகின்றன. 1902ஆம் ஆண்டிலிருந்து முறையாகப் பராமரிக்கப்படும் அக்காட்டில், 30 ஆண்டுச் சுழற்சியில் மரங்கள் வெட்டப்பட்டு மீண்டும் வளர்க்கப்படுகின்றன. கண்டல் மரக்கரி அடர்த்தியானது. நெடுநேரம் கனலும்.

கடைகளில் இருவகைக் கரி கிடைக்கும். மரத்துண்டின் வடிவம் மாறாத கட்டிக்கரி ஒன்று. கரித்தூளை மாவுப்பசையோடு சேர்த்து அச்சில் அழுத்திய வில்லைக்கரி மற்றொன்று. கட்டிக்கரி விரைவில் பற்றி மிகுந்த வெப்பம் தரும். வில்லைக்கரி பற்றுவதற்குச் சற்று நேரமாகும். ஆனால் வெப்பம் ஏற்ற இறக்கமின்றி நீடிக்கும். சாசேஜுக்கு வேண்டியது மிதமான, சீரான வெப்பம். ஆகவே புதிதாகப் பழகுவோர்க்கு வில்லைக்கரி எளிது. தீ பற்றுவதற்காக முன்னரே எண்ணெயூட்டிய கரியைத் தவிர்ப்பது நன்று. அதன் வாடை உணவில் ஏறும். மூச்சுத்தொல்லை உள்ளவர்க்கு எரிச்சலும் தரும்.

தீ மூட்டும் முறை

கரியைக் கூம்பாகக் குவித்து, இடையே இரண்டு மூன்று தீமூட்டிக் கட்டிகளை வைத்துப் பற்றவையுங்கள். அடியில் துளைகள் கொண்ட இரும்புக் குழாய் வடிவத் தீமூட்டும் கலன் இருந்தால் வேலை இன்னும் எளிது. 15 முதல் 20 நிமிடங்களில் கரி தயாராகிவிடும். குவியலாக மூட்டினால் அரைமணி நேரம் ஆகலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாராயக் கரைசல் ஆகியவற்றை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அணைந்ததுபோல் தோன்றும் கரியின்மீது அவற்றை ஊற்றும்போது, ஆவி பற்றிக்கொண்டு சுவாலை புட்டியை நோக்கித் தாவும். முகத்திலும் கைகளிலும் கடுமையான தீப்புண் ஏற்படும் வழிகளுள் இதுவும் ஒன்று.

சுவாலை அடங்கி, கரியின் மேற்பரப்பு முழுவதும் சாம்பல் பூத்த பின்னரே கம்பி வலையை வைக்க வேண்டும். விருந்தில் நிகழும் பெரும்பாலான தவறுகள் பசியால் விளையும் அவசரத்தின் பயனே. சுவாலையில் வைத்த சாசேஜின் தோல் கருகும். உள்ளே குளிர்ச்சி மாறாது.

கரியை அடுப்பு முழுவதும் பரப்பாமல், ஒரு பாதியில் மட்டும் பரப்பி, மறுபாதியை வெறுமையாக விடுங்கள். கரி உள்ள பக்கம் சிவக்க வைப்பதற்கு. கரி இல்லாத பக்கம் மெல்ல வேக வைப்பதற்கும், கொழுப்புச் சொட்டித் தீ எழும்போது உணவை உடனே நகர்த்துவதற்கும் பயன்படும்.

வெப்பத்தை அறிய, கம்பி வலைக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டி எண்ணிப் பார்ப்பது வழக்கம். நான்கைந்து நொடிகள் தாங்க முடிந்தால் மிதமான வெப்பம். இரண்டு நொடிகளிலேயே கையை இழுக்க நேர்ந்தால் வெப்பம் மிகுதி. ஆயினும் நீரிழிவால் கை கால்களில் உணர்ச்சி குன்றியவர்கள் இச்சோதனையைச் செய்யக்கூடாது. சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடக்கூடும். அவர்கள் மணலில் வெறுங்காலுடன் நடப்பதையும் தவிர்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நச்சு

இப்பகுதியை வாசகர்கள் இருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம். கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்ளும். திறந்த வெளியில் காற்றோடு கலந்து நீங்கிவிடும். மூடிய இடத்தில் தேங்கி உயிரைப் பறிக்கும்.

நம் ஊரில் மாலை மழை எந்நேரமும் வரலாம். மழை வந்தவுடன் சிறு கரியடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்துவைப்பது பேராபத்து. கரி அணைந்ததுபோல் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டே இருக்கும். வீட்டின் உள்ளேயும், அடைத்த மாடத்திலும், வாகனத்தின் பின்பகுதியிலும் கனலும் கரியை வைக்கவே கூடாது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், குழப்பம் ஆகியவை பலருக்கு ஒரே நேரத்தில் தோன்றினால், உணவு ஒவ்வாமை என்று எண்ணிக் காத்திராமல், அனைவரையும் திறந்த வெளிக்குக் கொணர்ந்து 995ஐ அழையுங்கள்.

சாசேஜில் என்ன இருக்கிறது?

பொடியாக அரைத்த இறைச்சியுடன் கொழுப்பு, உப்பு, மசாலா ஆகியவற்றைச் சேர்த்து, மெல்லிய உறையில் அடைத்ததே சாசேஜ். இறைச்சி வீணாகாமல் காக்கும் வழியாகத் தோன்றிய இவ்வுணவு, ஜெர்மனியில் ஒரு கலையாகவே வளர்ந்தது. துரிங்கியா வட்டாரத்தில் சுடுசாசேஜைக் குறிப்பிடும் 1404ஆம் ஆண்டின் மடாலயக் கணக்கேடு ஒன்று இன்றும் உள்ளது. நியூரம்பர்க் நகரத்தின் சாசேஜ் விரல் அளவே இருக்கும். 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளமும் 20 முதல் 25 கிராம் எடையும் கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். அச்சிறிய அளவில் நம் நோயாளிகளுக்கு ஒரு பாடமும் உண்டு. அதைப் பின்னர் கூறுவோம்.

சுடுவதற்கு வாங்கும்போது முதலில் அறிய வேண்டியது, அது பச்சையா, முன்னரே வேகவைக்கப்பட்டதா என்பதே. பேரங்காடியின் குளிர்பதனப் பெட்டியில் கிடைக்கும் பிராங்க்ஃபர்ட்டர் வகைக் கோழி சாசேஜ் பெரும்பாலும் வெந்த நிலையிலேயே வருகிறது. அதை நன்கு சூடாக்கி, தோல் சிவக்க வைத்தால் போதும். 'பிராட்வர்ஸ்ட்' என்னும் தடித்த ஜெர்மன் வகையும், மிளகாய்க் காரம் சேர்ந்த 'மெர்கெஸ்' என்னும் வட ஆப்பிரிக்க ஆட்டிறைச்சி வகையும் பல வேளைகளில் பச்சையாக விற்கப்படுகின்றன. இவற்றை உட்பகுதி வரை முழுமையாக வேக வைக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் சமைக்கும் முறை அச்சிடப்பட்டிருக்கும். ஐயம் இருப்பின் பச்சை என்றே கொள்ளுங்கள்.

பொட்டலத்தைப் படிக்கும் கலை

முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கச் சிற்றெழுத்துகளே பயனுடையவை. சேர்பொருள்கள் எடை மிகுதியின் வரிசையில் தரப்படும். முதலிடத்தில் இறைச்சி இருந்தால் நல்லது. நீர், மாவு, தோல், கொழுப்பு ஆகியவை முன்னே நின்றால் வேறொன்றைப் பாருங்கள்.

அடுத்தது உறை. பலரும் கவனியாத செய்தி இது. உள்ளே இருப்பது கோழி இறைச்சியாயினும், உறை ஆட்டுக்குடலாகவோ, பன்றிக்குடலாகவோ, மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜெனாகவோ இருக்கலாம். மாட்டிறைச்சி உண்ணாத குடும்பத்தினர் 'கோழி' என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காமல், உறை எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். முஸ்லிம் அன்பர்கள் ஹலால் முத்திரையைக் காண்பது வழக்கம். ஆனால் ஹலால் முத்திரை மாட்டுக் கொலாஜென் இல்லை என்பதற்குச் சான்றாகாது. எல்லாச் சமயத்தாரும் கூடும் விருந்தில் இவ்வேறுபாடு தெரிந்திருப்பது விருந்தோம்பலின் ஒரு பகுதி.

மூன்றாவது உப்பு. பொட்டலத்தில் 'சோடியம்' என்று 100 கிராமுக்கு மில்லிகிராம் கணக்கில் தரப்பட்டிருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம். அதாவது 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ஒரு பொட்டலத்தில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று இருப்பதாகக் கொள்வோம். 50 கிராம் எடையுள்ள ஒரு சாசேஜில் 400 மில்லிகிராம். இரண்டு உண்டால் 800. சாறும் ஊறுகாயும் தொடும் முன்னரே நாள் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு முடிந்துவிடுகிறது. கடையில் நிற்கும்போதே இரண்டு மூன்று பொட்டலங்களை ஒப்பிட்டு, சோடியமும் நிறைவுற்ற கொழுப்பும் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பாதுகாப்புப் பொருள். 'சோடியம் நைட்ரைட்' அல்லது 'இ250' என்று குறிக்கப்படுவது, கிருமி வளராமல் தடுத்து, இறைச்சியின் இளஞ்சிவப்பு நிறத்தையும் காக்கிறது. அது சேர்ந்த சாசேஜ் வெந்த பிறகும் சிவந்தே இருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து வெந்ததா இல்லையா என்று முடிவு செய்ய இயலாது.

எவ்வளவு உண்ணலாம்?

பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று 2015ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. சாசேஜும் அதில் அடங்கும். புகையிலையும் அதே வகையில் இருப்பதால் பலர் திகைத்தனர். அவ்வகைப்பாடு சான்றுகள் எவ்வளவு உறுதியானவை என்பதைக் காட்டுகிறதேயன்றி, இரண்டும் ஒரே அளவு தீங்கு தருவன என்று கூறவில்லை. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு மிகுகிறது என்பதே அவ்வமைப்பின் மதிப்பீடு.

இங்கே 'நாள்தோறும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கடற்கரையில் உண்ணும் சாசேஜ் வேறு. காலைதோறும் பிள்ளைகளின் தட்டில் முட்டையோடு வைக்கும் சாசேஜ் வேறு. நாங்கள் கவலைப்படுவது பெரிதும் பின்னதைப் பற்றியே. விருந்துக்கு வாங்கியதில் மிஞ்சியதை வாரம் முழுவதும் பொரித்து உண்ணாமல், தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

நியூரம்பர்க்கின் பாடம் இப்போது. ஒரே பெரிய சாசேஜை வைத்தால் 'ஒன்றுதானா?' என்று மனம் கேட்கும். விரல் அளவுள்ள சிறியவை இரண்டை வைத்தால் எடை 50 கிராமுக்குள் அடங்கும், கண்ணும் நிறையும். தட்டின் பாதியைச் சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாய், காளான், அன்னாசித் துண்டு ஆகியவற்றால் நிரப்புங்கள். வாழையிலையில் பொதிந்த மீனும், தோல் நீக்கிய கோழித்துண்டும் தணலில் அருமையாக வேகும். சாசேஜ் விருந்தில் ஒரு சிறு பங்கு மட்டுமே வகிக்கட்டும்.

சுடும் முறை

உறைந்த சாசேஜை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநீக்குங்கள். சமையல் மேடையில் வைத்து உறைநீக்கினால், உள்ளே பனி கரைவதற்குள் வெளியே கிருமி பெருகும்.

முள்கரண்டியால் குத்தித் துளையிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். துளையின் வழியே கொழுப்பும் சாறும் தணலில் சொட்டித் தீ எழும். அப்புகையில் தீங்கான வேதிப்பொருள்கள் உண்டாகி இறைச்சியில் படியும். உறை வெடிப்பது பெரும்பாலும் வெப்பம் மிகுவதால்தான். பச்சைச் சாசேஜை முதலில் கரியில்லாத பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பி வேகவிட்டு, இறுதியில் சில நிமிடங்கள் தணலின் மேல் நகர்த்திச் சிவக்க விடுங்கள். தடித்த வகைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் ஆகும். முன்னரே வெந்தவற்றுக்கு 8 முதல் 10 நிமிடங்கள் போதும்.

நேரத்தைவிட நம்பத்தகுந்தது உணவு வெப்பமானி. சிறு விலைக்குக் கிடைக்கும் அக்கருவியின் முனையைச் சாசேஜின் நுனிவழியே நடுப்பகுதி வரை செலுத்திப் பாருங்கள். கோழி இறைச்சி எனில் 74 பாகை செல்சியஸ். ஆடு, மாடு, பன்றி எனில் 71 பாகை எட்டியிருக்க வேண்டும்.

கருகிய பகுதிகளைச் சுவை என்று கருதி உண்ணாதீர்கள், வெட்டி எறியுங்கள். அடிக்கடி திருப்புவதும், கோழி போன்ற பெரிய துண்டுகளை வீட்டிலேயே பாதி வேகவைத்து, கொண்டுசென்ற உடனே தாமதமின்றிச் சுட்டு முடிப்பதும் கருகலைக் குறைக்கும். அவ்வாறு செய்ய இயலாதெனில் பாதி வேகவைத்து நெடுநேரம் வைத்திருப்பதைவிடப் பச்சையாகக் குளிர்ந்த நிலையில் கொண்டுசெல்வதே மேல்.

கம்பி வலையைத் துலக்க உலோக மயிர்த்தூரிகையைப் பயன்படுத்தாதீர்கள். உதிர்ந்த கம்பி இழை உணவோடு ஒட்டித் தொண்டையிலும் குடலிலும் தைத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பூங்கா அடுப்புக்குப் புதிய கம்பி வலை வாங்கிச் செல்வதும், நசுக்கிய அலுமினியத் தாளால் தேய்ப்பதும் பாதுகாப்பானவை.

தூய்மையும் குளிர்ச்சியும்

பச்சை இறைச்சி வைத்த தட்டிலேயே வெந்ததை மீண்டும் வைப்பது எல்லா விருந்துகளிலும் நிகழும் பிழை. தட்டு இரண்டு, இடுக்கி இரண்டு என்று கொண்டுசெல்லுங்கள். சிவப்பு நாடா கட்டியது பச்சைக்கு, மற்றது வெந்ததற்கு என்று அடையாளம் வைத்தால் குழந்தைகளும் குழப்பமின்றி உதவுவார்கள்.

பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில், சுடும் நேரம் வரை இறைச்சி குளிர்ந்தே இருக்க வேண்டும். பானங்களுக்கு வேறு பெட்டி வையுங்கள். அடிக்கடி திறக்கப்படும் பெட்டியில் குளிர்ச்சி நிலைக்காது. நம் பிற்பகல் வெப்பத்தில், சமைத்த உணவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கலாகாது. மிஞ்சியதை எடுத்துச் சென்று மறுநாள் உண்ணும் எண்ணம் வேண்டாம்.

யார் எதைக் கவனிக்க வேண்டும்?

இதய நோய், உயர் இரத்த அழுத்தம்: ஒரு சிறிய சாசேஜ் போதும். சோயா சாறு, மிளகாய்ச் சாறு, உப்பிட்ட கொட்டைகள் ஆகியவற்றைத் தவிருங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மறுநாள் காலை எடை பார்க்க வேண்டும். எடை திடீரென ஏறினாலும், கால் வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும் எங்களை உடனே தொடர்புகொள்ளுங்கள்.

நீரிழிவு: சாசேஜைவிட அதனுடன் சேரும் ரொட்டி, சோளம், இனிப்புச் சாறு, குளிர்பானம் ஆகியவையே சர்க்கரையை ஏற்றும். கரி தயாராகத் தாமதமாகலாம் என்பதால், உணவு கைக்கு வரும் முன் இன்சுலின் போட்டுக்கொள்ளாதீர்கள். சர்க்கரை குறைந்தால் உண்பதற்கு மிட்டாய் வைத்திருங்கள்.

சிறுநீரக நோய்: உப்புடன் பாஸ்பேட்டும் கவனத்துக்குரியது. 'இ450', 'இ451', 'இ452' என்ற குறிகள் பாஸ்பேட் சேர்க்கப்பட்டதைக் காட்டும். அவை இல்லாத புதிய மீனும் கோழியும் சாசேஜைவிட ஏற்றவை. உங்களுக்குரிய அளவை எங்கள் உணவியல் நிபுணரிடம் கேட்டறியுங்கள்.

புற்றுநோய் மருந்து எடுப்போர், உறுப்பு மாற்றம் பெற்றோர், கருவுற்றோர்: கிருமித்தொற்று இவர்களை எளிதில் தாக்கும். முன்னரே வெந்த சாசேஜையும் ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ண வேண்டும். லிஸ்டீரியா என்னும் கிருமி குளிர்பதனப் பெட்டியிலும் வளரக்கூடியது. இவர்களின் தட்டு அடுப்பிலிருந்து நேராக, முதலாவதாகப் பரிமாறப்படட்டும்.

சிறு குழந்தைகள், விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ள முதியோர்: வட்டமாக நறுக்கிய சாசேஜ் துண்டு மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காகப் பிளந்து, தோலை நீக்கி, பின்னர்ச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். உட்கார்ந்தே உண்ண வேண்டும், ஓடியாடும்போது ஊட்டாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் கெட்டியாக்கிய உணவோ மசித்த உணவோ பரிந்துரைக்கப்பட்டவர்களுக்குச் சாசேஜ் வேண்டாம்.

மூச்சுத்தொல்லை உள்ளோர்: காற்று வரும் திசையில், புகை படாத இடத்தில் அமருங்கள். உறிஞ்சுமருந்து பையில் அல்ல, கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வீட்டில் பிராணவாயு பயன்படுத்துவோர் அக்கருவியுடன் நெருப்பின் அருகே வரவே கூடாது. பிராணவாயு ஊறிய ஆடையும் தலைமுடியும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

சுட்டுவிட்டால்

தீப்புண் பட்ட இடத்தை உடனே குழாய் நீரின் கீழ் 20 நிமிடங்கள் காட்டுங்கள். மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். பற்பசை, சோயா சாறு, வெண்ணெய், பனிக்கட்டி எதையும் வைக்காதீர்கள். பிறகு தூய மெல்லிய ஞெகிழித் தாளால் தளர்வாக மூடி மருத்துவரிடம் காட்டுங்கள். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலும், உள்ளங்கையைவிடப் பெரிய புண்ணாயினும் காத்திராதீர்கள்.

விருந்து முடிந்தபின் தணலை மணலில் புதைப்பது பெருந்தவறு. மணலுக்கடியில் கரி பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். அடுத்து அங்கே விளையாட வரும் குழந்தையின் பாதம் அதை மிதிக்கும். நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, ஆவியிலிருந்து முகத்தை விலக்கி, கிளறி, மீண்டும் தெளித்து முழுவதும் ஆற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பெரியவரின் மாலை

கடைசியாக அப்பெரியவருக்கு வருவோம். எங்கள் உணவியல் நிபுணர் அவருடைய மகளை அழைத்து, மேலே கூறியவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தார். பாரம் தூக்க வேண்டாம், குனிந்து ஊத வேண்டாம், புகைக்கு எதிரே நிற்க வேண்டாம் என்று தாதியர் சேர்த்துச் சொன்னார்கள். மகள் மீண்டும் தேசியப் பூங்காக் கழகத்தில் அடுப்புக்குப் பதிவு செய்து அனுமதி பெற்றார்.

அடுத்த முறை வந்தபோது பெரியவர் நடந்ததைக் கூறினார். சவுக்கு மரத்தடியில் காற்று வரும் பக்கமாக நாற்காலி போட்டு அமர்ந்தாராம். இவ்வாண்டு தீ மூட்டியவன் பேரன். "அவசரப்படாதே, சாம்பல் பூக்கட்டும்" என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்ததாம். நான்காம் முறை அவர் சொல்லுவதற்கு முன்பே, "இன்னும் பூக்கவில்லை, தாத்தா" என்று பேரனே சொன்னானாம். அவர் உண்டது விரல் அளவுச் சாசேஜ் ஒன்று, வாழையிலை மீன், சுட்ட கத்தரிக்காய். மறுநாள் காலை எடையைக் குறித்துக்கொண்டும் வந்திருந்தார். அதில் மாற்றமில்லை.

நோய் பல பொறுப்புகளை நம் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. அவற்றுள் சிலவற்றை இளையவர் கையில் ஒப்படைத்துவிட்டு அருகில் அமர்ந்திருக்கலாம். உங்கள் குடும்பத்திலும் இவ்வாறு கைவிடப்பட்ட விருந்து ஏதேனும் இருந்தால், அடுத்த மருத்துவச் சந்திப்பின்போது எங்களிடம் கேளுங்கள். முடியாது என்று சொல்வதற்கு முன், எப்படி முடியும் என்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறோம்.